வல்லிபுரத்தாரின் ஒத்து

எமில் அண்ணை சொன்ன இந்தக் கதையைப் பத்தொன்பது வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பாத அந்தப் பத்தொன்பது வருடங்களும் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குச் சொன்னேன், மனைவிக்குச் சொன்னேன், ஒருமுறை கொழும்பு போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த, பெயர்கூடக் கேட்டறியாத ஒருவருக்கு மதவாச்சியில் தொடங்கிப் புத்தளம் வரும்வரை சொன்னேன், அவர் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். சொல்லும்போது என் குரலில் சந்தேகம் இருப்பதில்லை. சொல்லி முடித்து, கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்து எனக்குள் உட்காரும்: நான் இப்போது சொன்னதில் நடந்தது எவ்வளவு, நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது எவ்வளவு?

என் அண்ணன் பரஞ்சோதியை, போர் நடந்த காலத்தில், ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்திவைத்து ஆட்களைப் பிரித்தெடுத்த ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோனார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபத்திரண்டு. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அம்மா படிவங்களை நிரப்பினார், நான் அவற்றை ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகச் சுமந்தேன், ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, ரவுணில் ஒரு பேக்கரியில், பாண் போறணை அடுப்பால் வெளியே வரும்வரை காத்து நின்றேன். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவன்; என்னோடு வேலை செய்கிற ஒருவரை மகளின் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி, வழி சொல்லிக்கொண்டிருந்தேன். “மில்லடியில இறங்கிப்போடாதேங்கோ. அதுக்கு அடுத்தது சின்னப் பாலம். பஸ் அங்க நிக்காது, ஆனா எங்கட வீட்டுக்கெண்டு சொன்னா நிப்பாட்டுவாங்கள்.”

சின்னப் பாலம் எந்த அட்டவணையிலும் இல்லை. அது எங்கள் ஒழுங்கைக்கு நேரே உள்ள ஒரு மதகு. அம்மாவுக்கு ஒரு கால் ஏலாது என்பதற்காக ஒரு காலத்து ட்ரைவர் அங்கே நிறுத்தத் தொடங்கி, அவருக்குப் பின் வந்தவர்களும் அதை ஒரு மரியாதையாகத் தொடர்ந்தார்கள், எங்கள் வீட்டு ஆட்கள் ஏறினால் மட்டும். அதைச் சின்னப் பாலம் என்று சொன்னதும் எங்கள் வீடு மட்டும்தான்.

நீளச் சட்டுவத்தைப் போறணைக்குள் விட்டுப் பாண் எடுத்துக்கொண்டிருந்த மனிதர் அதை அப்படியே உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஆலடி, வாசிகசாலை, மில்லடி, சின்னப் பாலம்,” என்றார், வாய்ப்பாடு ஒப்புவிக்கிறவரைப் போல. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தம்பி, நீங்கள் பரஞ்சோதியின்ர ஆளோ?”

பாண் கருகிற மணம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எமில் அண்ணை கடற்கரைப் பக்கத்து வேதக்காரர், மாதா கோயில் ஆள். நீர்கொழும்பில் ஒரு சிங்களப் போறணைக்காரரிடம் எட்டு வருடம் நின்று தொழில் பழகிக்கொண்டு வந்தவர், ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் பிடிபட்டவர். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு முறையாவது அந்தப் பேக்கரிக்குப் போனேன், மாவு மூட்டை மேல் இருந்தேன், அவர் பிசைந்தபடி சொல்ல நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் அதே கதையைச் சொன்னார், ஒவ்வொரு முறையும் அதில் ஒரு சின்னத் துண்டு புதிதாக இருந்தது.

அவர்களை வைத்திருந்த இடம் சீமெந்து மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கி, தண்டவாளங்களைப் பிடுங்கியெடுத்துவிட்ட ரயில் பாதையின் ஓரத்தில் இருந்தது. உள்ளே அறுபத்து மூன்று பேர். சுவரிலும் நிலத்திலும் கூரைச் சட்டங்களிலும் வருடக்கணக்காகச் சீமெந்துத் தூசி படிந்திருந்தது, ஒருவர் தும்மினால் ஒரு பக்கம் முழுவதும் புகை எழும்பும், காலையில் கண் விழித்தால் தலைமயிரும் புருவமும் மீசையும் வெளுத்து, இருபது வயதுப் பொடியனும் அறுபது வயதுக்காரரும் ஒரே வயதுக் கிழவர்களாக எழுந்து இருப்பார்கள். இருமல் ஓயாது. ஒவ்வொரு நாளும் யாரையாவது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். சிலர் திரும்பி வருவார்கள். உள்ளே பேசுகிற பேச்சு எப்படியோ வெளியே போய்க்கொண்டிருந்தது, அதனால் ஒருவரை ஒருவர் நம்பாமல், நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல், தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தார்கள்.

புதிதாக வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பது அங்கே வழக்கம். எந்த ஊர், என்ன தொழில், வெளியில் யார் இருக்கிறார்கள். ஒருநாள், கரை போட்ட வேட்டியோடு, மெலிந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைக் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். பெயர் வல்லிபுரம் என்றார், ஊரைச் சொன்னார்.

“தொழில்?”

“ஒத்து ஊதுறனான்.”

முதலில் சிரிப்புத்தான் எழும்பியது. தம்பிப்பிள்ளை என்று ஒரு லொறி ட்ரைவர் இருந்தார், அந்தக் கிட்டங்கியின் வாய் அவர்தான். “பரவாயில்லை ஐயா, ஒளிக்காமச் சொல்லுறியள். ஆருக்கு ஊதுறது? உள்ளுக்கோ, வெளியாலயோ?” என்றார். பிறகு சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. ஒத்து ஊதுகிறவன் என்றால் ஊரில் அது பலமானவனுக்குத் தலையாட்டுகிறவனைச் சொல்கிற சொல். அந்தக் கிட்டங்கிக்குள் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

“எங்கட ஊரில செத்தவீட்டுக்கும் பாண்ட் வாத்தியம், கலியாணத்துக்கும் பாண்ட்,” என்பார் எமில் அண்ணை. “மேளத்தில ஒத்து எண்டு ஒரு குழல் இருக்கிறதே எனக்குத் தெரியாது தம்பி. ஒரு மனிசன் வந்து, நான்தான் காட்டிக் குடுக்கிறவன் எண்டு தன்ர வாயாலயே சொன்ன மாதிரித்தான் எனக்குப் பட்டது.”

வல்லிபுரத்தாருக்கு ஒருவரும் படுக்க இடம் விடவில்லை. மூன்று நாள் அவர் மலவாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மூன்றாம் நாள் இரண்டு பேர் வெறும் சீமெந்துச் சாக்கு ஒன்றைத் தட்டி மடித்துத் தங்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள், அது இரவில் எவருடைய முகத்தில் அமுக்குவதற்கென்று எல்லாருக்கும் தெரிந்தது, வல்லிபுரத்தாருக்கும் தெரிந்தது. நாலாம் நாள்தான் தபாலதிபர் சுந்தரலிங்கம், கோயில் திருவிழாக்களில் முன்வரிசையில் இருந்து பழக்கப்பட்டவர், தற்செயலாகக் கேட்டார்: “ஐயா, ஆரின்ர மேளத்துக்கு?”

அப்போதுதான் அது வெளிவந்தது. நாதஸ்வரத்துக்குப் பின்னால், விரல் வைத்து மாற்ற ஒரு துளையும் இல்லாத நீளக் குழலை வைத்து, மேளம் தொடங்கி முடியும்வரை ஒரே சுருதியை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். மூக்கால் இழுத்து வாயால் விட்டு, நாற்பத்தொரு வருடமாக ஒரே ஒரு சத்தத்தை ஊதியவர். சுருதிப் பெட்டி வந்த பிறகும் அவருடைய மேளகாரர் அவரை விடவில்லை.

“அப்ப ஊதிக் காட்டச் சொல்லுங்கோ,” என்றார் தம்பிப்பிள்ளை.

“குழல் இல்லையே, தம்பி.”

“குழல் இல்லாட்டி வாய் இருக்குத்தானே. சாக்கும் இருக்கு.”

வல்லிபுரத்தார் சுவரோரம் சம்மணம் போட்டு இருந்தார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். இல்லாத குழலின் பாரத்தை இரண்டு கையாலும் ஏந்தினார், கன்னங்களை உப்பினார், ஊதினார். சத்தம் வந்தது. மேளத்துக்கு ஊதுகிற அளவுக்கு, ஒரு முழு நாழிகை ஊதினார். பிறகு கையை இறக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார். யாரோ கொடுத்தார்கள். அவர் குடித்தார். அவர் குடித்து முடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்து, “எங்க படுக்கிறது?” என்று கேட்டபோதும் அந்தச் சத்தம், கூரையைத் தாங்குகிற மூன்றாவது வளைக்குக் கீழே, ஒரு ஆள் கையை உயர்த்தினால் தொடுகிற உயரத்தில், ஒலித்துக்கொண்டே இருந்தது.

முதல் நாள் ஒருவரும் உறங்கவில்லை. இரண்டாம் நாள் எல்லாரும் உறங்கினார்கள். மூன்றாம் நாள் முறைப்பாடுகள் தொடங்கின.

“ஐயா, ஒரு அரைக் கட்டை இறக்கேலாதோ? என்ர குரலுக்கு எட்டேல்லை,” என்றார் தம்பிப்பிள்ளை.

“என்ர குழல் இரண்டரைக் கட்டை. உம்மட குரலை ஏத்தும்.”

“குழலே இல்லை, அதுக்கு இரண்டரைக் கட்டையாம்.”

காய்ச்சல்காரரை மூன்றாவது வளைக்குக் கீழே படுக்கவைத்தால் பின்னேரத்துக்குள் வியர்த்து இறங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள், உடனே அந்த இடத்துக்குப் போட்டி வந்தது, தபாலதிபர் கரித்துண்டால் சுவரில் முறை எழுதினார். தோய்த்த சாரம் வேட்டிகளை அதற்குக் கீழே கட்டினால் மற்ற இடத்தைவிடக் கெதியாகக் காய்ந்தன. நிலத்துத் தூசி, குளத்தில் கல் விழுந்த மாதிரி, வட்டம் வட்டமாகப் படியத் தொடங்கியது, அதைக் கூட்டுவது பாவம் என்று ஒரு பகுதியும் கூட்டாவிட்டால் இருமல் என்று ஒரு பகுதியும் சண்டை பிடித்தன, இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே இருமல் ஒன்று ஒன்றாக அந்தச் சுருதியோடு சேர்ந்து, பிறகு இல்லாமலே போயிற்று. கடற்கரைக்காரர் மாதா பாட்டுப் பாடினார்கள், மற்றவர்கள் தேவாரம் பாடினார்கள், இரண்டும் ஒரே ஒத்துக்குப் பொருந்துவதைக் கண்டு இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் மனவருத்தம். வெளியே காவல் நின்ற சிப்பாய் ஒருவன் தன் கதிரையை வெயிலுக்குள் இருந்து சுவரோடு ஒட்டி நகர்த்தினான். ஒரு கிழமையில் அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கப் பழகிவிட்டான்.

“ஒத்து எண்டா என்ன தெரியுமோ?” என்று வல்லிபுரத்தார் அவர்களுக்குச் சொன்னாராம். “நாதஸ்வரகாரர் எங்க வேணுமெண்டாலும் போகலாம். மேல போகலாம், கீழ போகலாம், வழி தவறலாம். திரும்பி வர ஒரு இடம் வேணும். அதுதான் ஒத்து. அது நிக்க வேணும். அவ்வளவுதான் வேலை.”

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரன் பாடமாட்டான். என் முதல் சந்தேகம் அதுதான். எங்கள் வீட்டில் வானொலியில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போகிறவன் அவன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அவனைப் பாடவைத்த ஆசிரியர், உதடு மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று சொன்னதை அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவன் பாடினான் என்று எமில் அண்ணை சொன்னபோது நான் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை.

“அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. அதுதான் விசயம்,” என்றார். “எல்லாரும் பாடி முடிஞ்சுது, இவர் ஒராள் மிச்சம். தம்பிப்பிள்ளை விடமாட்டன் எண்டு நிண்டான். என்ன பாடுறது எண்டு கேட்டார். எது மனப்பாடமோ அதைப் பாடும் எண்டார் வல்லிபுரத்தார்.”

என் அண்ணன் எங்கள் பஸ்ஸைப் பாடினான். பஸ் நிலையத்தில் தொடங்கி, ஐஸ் கொம்பனி, மடத்தடி, சந்தை, ஆலடி, வாசிகசாலை, மில்லடி என்று ஒவ்வொரு தரிப்பிடமாக, எங்கே யார் ஏறுவார், எங்கே யார் இறங்குவார், சந்தையில் மரக்கறிக் கடகம் ஏற்றுகிற பெண் கொண்டக்டருடன் என்ன வாக்குவாதம் செய்வாள், எந்த வளைவில் இடப்பக்கம் இருக்கிறவர்கள் வலப்பக்கம் சரிவார்கள் என்று, சுருதி தப்பித் தப்பி, தப்பும்போதெல்லாம் ஒத்தைக் கேட்டுத் திரும்பி வந்து, சின்னப் பாலம்வரை பாடினான். சின்னப் பாலத்தில் பஸ் நின்று, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா இறங்கி, ட்ரைவருக்குக் கை காட்டி, ஒழுங்கைக்குள் போவதோடு பாட்டு முடியும். அடுத்தநாளும் பாடச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பஸ் புறப்பட்டது. அறுபத்து மூன்று பேரும் ஏறினார்கள். அந்தப் பாதையைக் கண்ணால் காணாதவர்கள் தங்களுக்கென்று ஒரு தரிப்பிடம் எடுத்துக்கொண்டு அங்கே இறங்கினார்கள். எமில் அண்ணை ஐஸ் கொம்பனியில் இறங்குவாராம்.

“ஒத்து எப்பிடி இருந்தது?” என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “அதைச் சொல்லேலாது தம்பி,” என்பார். பிறகு மற்றவர்களின் முகம் எப்படி இருந்தது என்று சொல்வார்.

அந்த முகாமுக்குப் பொறுப்பாக இருந்த பெரிய அதிகாரிக்கும் சத்தம் கேட்டது, ஆனால் அவருக்கு அது பல்லில் கேட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வலித்தன. வைத்தியரை அழைத்து ஒன்றைப் பிடுங்கினார், வலி அடுத்த பல்லுக்கு நகர்ந்தது. உள்ளே செய்தி அனுப்புகிற கருவி இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். மின்சாரத்தை வெட்டினார்கள். நிலத்தைக் கொத்தினார்கள், பதினொரு கரண்டியும் ஒரு பூனையின் எலும்பும் கிடைத்தன. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அது என்ன, யார் செய்வது என்று கேட்டார்கள். காற்று என்றார்கள். கூரை என்றார்கள். தம்பிப்பிள்ளை, எனக்குக் காது மந்தம் சேர், லொறி எஞ்சின் என்று சொல்லி இரண்டு விரல் நகம் இழந்து வந்தார், வந்து, “இரண்டரைக் கட்டைக்கு இரண்டு நகம், மலிவுதான்,” என்றார்.

பதினோராவதாகவோ பன்னிரண்டாவதாகவோ போனவரிடம் அதிகாரி சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலைக் காட்டி, இந்த வல்லிபுரம் என்பவர் யார், என்ன செய்கிறவர் என்று மட்டும் கேட்டார். அது சுகமான கேள்வி. உயிர் போகிற பயத்தில் இருந்தவருக்கு அது ஒரு இரக்கம் மாதிரிப் பட்டது. “அவர் ஒத்து ஊதுறவர் சேர், வேற ஒண்டும் தெரியாது,” என்று சொன்னார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னார்: இவர் அந்தப் பக்கத்துக்கு ஒத்தாசையாக இருக்கிறவராம்.

“அந்த ஆள் அதைத் திருத்தியிருக்கலாம்,” என்று எமில் அண்ணை ஒருமுறை சொன்னார், மாவைத் திருப்பிப் போட்டபடி. “அது அப்பிடியில்லை சேர், அது ஒரு குழல் எண்டு சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் பேனை எழுதேல்லையெண்டு ஒருக்கா உதறினவர். அவ்வளவு நேரம் இருந்தது. வாய் வரேல்லை.”

மாவு மூட்டை மேல் இருந்து அந்த மேசையை, அந்தப் பேனையை, அது உதறப்பட்டபோது காகிதத்தில் விழுந்திருக்கக்கூடிய மைத்துளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் மில்லடியைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறைக்குள் ஒவ்வொருவராகத்தான் போனார்கள். கிட்டங்கிக்குள் எமில் அண்ணையைத் தவிரச் சிங்களம் விளங்கியவர்கள் எத்தனை பேர் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அன்று நான் சின்னப் பாலத்தில் இறங்க மறந்துபோனேன்.

மறுநாள் மத்தியானம் வல்லிபுரத்தாரைக் கூப்பிட்டார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். அவர் திரும்பி வரவில்லை, ஒத்து மட்டும் மூன்றாவது வளைக்குக் கீழே இருந்தது. முன்பு அதில் இல்லாத ஒன்றை இப்போது கவனித்தார்கள்: இடைக்கிடை, மிகச் சின்னதாக, ஒரு மூச்சு எடுக்கிற தடக்கு. எங்கோ ஒரு அறையில் அவர் மூக்கால் இழுக்கிறார் என்று அதற்குப் பொருள் எடுத்தார்கள். தடக்கு வரும்போதெல்லாம் அறுபத்திரண்டு பேரும் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு அசையாமல் இருந்தார்கள். சத்தம் மறுபடி தொடர்ந்தவுடன் ஆள் இருக்கிறார் என்று சோற்றில் கை வைத்தார்கள். அவர்களைத் தாங்கியதும் அதுதான், தின்றதும் அதுதான். கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவரும் உரத்துப் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் தபாலதிபர், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அந்த மனிசனை ஆர் சொல்லிக் குடுத்தானோ, அவனுக்கு இது இனிக் கேளாது.”

தம்பிப்பிள்ளைதான் முதலில், “எனக்குக் கேக்குது,” என்றார். பக்கத்தில் இருந்தவர், “எனக்கும்,” என்றார். அது ஒரு வரிசையாகச் சுவரோரம் சுற்றி வந்தது, காலையில் ஆளெண்ணுகிற மாதிரி. என் அண்ணனும் சொன்னானாம். எமில் அண்ணை இந்த இடத்தை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அந்த வரிசையை ஆள் ஆளாக, யாருக்குப் பின் யார் என்று. அவருடைய முறை எங்கே வந்தது என்பதை மட்டும் என்னால் ஒருபோதும் பிடிக்க முடியவில்லை.

ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு பின்னேரம், விளக்கு வைக்கிற நேரம், பஸ் புறப்பட்டு ஆலடியைத் தாண்டி வாசிகசாலையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து பரஞ்சோதி என்று கூப்பிட்டார்கள். அவன் பாட்டை விடவில்லை. பாடியபடியே எழும்பினான், தூசி வட்டங்களை மிதிக்காமல் சுற்றி நடந்தான், கதவடியில் நின்று செருப்பைப் போட்டான், மில்லடி என்று பாடினான், கதவைச் சாத்தினார்கள்.

“நான் கதவடியிலதான் இருந்தனான் தம்பி,” என்பார் எமில் அண்ணை, ஒவ்வொரு முறையும், ஒரே சொற்களில். “சின்னப் பாலம் வரேல்லை. மில்லடியோட போட்டார். ஆனா ஒத்து நிண்டது. நீங்கள் கவலைப்படாதேங்கோ. ஒத்து நிண்டது.”

பிறகு அவர்களை நாலு லொறியில் ஏற்றி நாலு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எமில் அண்ணை இரண்டு வருடத்தில் வெளியே வந்தார். மற்றவர்களில் ஒருவரையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

இதை அம்மாவுக்கு நான் சொன்னபோது அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மில்லடிக்கு வந்ததும் கத்தியை வைத்துவிட்டு, “சின்னப் பாலத்தில இறங்கினவனோ?” என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன். அன்றிலிருந்து அவர் படிவம் நிரப்பவில்லை. ஏழு வருடம் கழித்து இறக்கும்வரை, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு வந்து, மதகுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்கிற மாதிரித் திரும்பிப் போவார். ஆகவே கதையில் ஒரு தரிப்பிடத்தைக் கூட்டியவன் நான். எமில் அண்ணை எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று கேட்க எனக்கு என்ன உரிமை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிட்டங்கியை நான் போய்ப் பார்த்தேன். இப்போது மறுபடியும் சீமெந்துதான் அடுக்கியிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர், மூன்றாவது வளைக்குக் கீழே அடுக்குகிற மூட்டை ஏனோ இறுகிக் கட்டிபட்டுப் போவதில்லை, மழைக்காலத்தில் எல்லாவற்றையும் அங்கேதான் வைப்போம் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கே நெடுநேரம் காது கொடுத்து நின்றேன். ஒன்று கேட்டது. வெளியே வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மின்மாற்றி இரைந்துகொண்டிருந்தது. அதுதானா என்று திரும்ப உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு சொல் என்னை விடவில்லை. நிண்டது. சுருதி நின்றது என்று ஒரு மேளகாரர் சொன்னால் அது அசையாமல் இருந்தது என்று பொருள். சத்தம் நின்றது என்று மற்ற எவர் சொன்னாலும் அது ஓய்ந்தது என்று பொருள். ஒத்து நிக்க வேணும் என்ற வல்லிபுரத்தாரின் பேச்சைக் கேட்டவர் எமில் அண்ணை, ஆகவே அவர் முதலாவதைத்தான் சொல்கிறார் என்று பத்தொன்பது வருடம் நான் எடுத்துக்கொண்டேன், அதைத்தான் அம்மாவுக்கும் பஸ்ஸில் வந்தவருக்கும் கொடுத்தேன். ஒரு சொல்லைத் தனக்கு வேண்டிய பக்கத்தால் எடுத்து எழுதிக்கொண்ட அந்த மொழிபெயர்ப்பாளரை நான் எத்தனை முறை ஏசியிருக்கிறேன். அவரிடமாவது பேனை உதறுகிற அளவு நேரம்தான் இருந்தது.

சென்ற மாதம் எமில் அண்ணையைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டிவிட்டது, போறணையை மருமகன் பார்க்கிறார், இவர் கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். வலக் காது போய்விட்டது, இடக் காதில் கருவி. பாணுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“தம்பி வாங்கோ. தலை வெள்ளை வெளேரெண்டு போயிட்டுதே. சீமெந்துக்குள்ள படுத்தனியளோ?” என்றார். சிரித்தார். பிறகு வழக்கம்போல, நான் கேட்காமலே, கதையின் கடைசியில் இருந்து தொடங்கினார். “உங்கட அண்ணையை நான் மறக்கேலாது. மில்லடியோட போட்டார். ஆனா ஒத்து...”

“அண்ணை,” என்றேன்.

அவரைக் குற்றம் சொல்ல நான் போகவில்லை. அப்படிச் சொல்வது எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உயிருக்குப் பயந்த ஒரு நிமிடத்தில் அவர் சொன்ன சொல்லை, சொல்லாமல் விட்ட சொல்லை, அந்த விசாரணை அறையில் இருந்திருந்தால் நானும் அப்படியே சொல்லி, அப்படியே விட்டிருப்பேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பாடத் தெரியாத என் அண்ணன், ஒரு தரிப்பிடம் மிச்சம் இருக்க, அந்தக் கதவைத் தாண்டிப் போனபோது, அவனுக்குக் கீழே திரும்பி வர ஒரு இடம் இருந்ததா. அதை அறிந்து சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர், தபாலதிபரின் பேச்சுப் பலித்திருந்தால் அதை அறியவே முடியாத ஒரே மனிதரும் அவர்.

உரத்துக் கேட்டால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். கல்லாவைச் சுற்றி உள்ளே போனேன். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன், இடது காதுக் கருவிக்கு அருகே வாயைக் கொண்டுபோனேன். அவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தார், நான் என்ன கேட்கப்போகிறேன் என்று பத்தொன்பது வருடமாகத் தெரிந்துவைத்திருக்கிறவரைப் போல.

“எமில் அண்ணை,” என்றேன், “பரன் கதவால போகேக்க, அந்த ஒத்து உங்களுக்குக் கேட்டதோ?”